பின்னம் பொறுக்காதவர்

வேலைக்கு வந்த முதல் நாள் மேஸ்திரி செய்த காரியம், தேவாலய வாசலில் இருந்த மாதா சிலையைச் சம்மட்டியால் உடைத்ததுதான்.

சொன்னால் யாரும் நம்புவதில்லை. கை தவறியிருக்கும் என்கிறார்கள். கையும் தவறவில்லை, காலும் தவறவில்லை. நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதிக்குப் போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர் அது. தேவாலயத்துக்கு வெளியே மாதாவுக்கென்று தனியாக எழுப்புகிற சின்னச் சந்நிதியைக் கெபி என்போம். அங்கிருந்த பழைய கெபி மழைத் தண்ணீர் இறங்கி விரிசல் விட்டிருந்தது. அதை இடித்துவிட்டுக் கருங்கல்லில் புதிதாகக் கட்டி, மேற்குச் சுவரில் கலர் கண்ணாடி ஜன்னல் வைப்பதென்று முடிவாகியிருந்தது. கல் வேலை மேஸ்திரிக்கு, கண்ணாடி வேலை எனக்கு. நான் செங்கல்பட்டுக்காரி. கண்ணாடியை வெட்டி ஈயப் பட்டையில் கோத்துப் படம் செய்கிற பட்டறை எனக்கு உண்டு. அவருக்கும் பெயர் இருந்திருக்கும். ஆனால் அந்த ஒன்றரை வருஷமும் எல்லாருக்கும் அவர் மேஸ்திரிதான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மேஸ்திரி சிலையை ஒரு சுற்றுச் சுற்றினார். பிளாஸ்டர் சிலை. மாதாவின் இடது கையில் இரண்டு விரல்கள் எப்போதோ உடைந்து, கம்பி துருத்திக்கொண்டு நின்றது.

"எத்தினி நாளா இப்டி கீது?" என்று கேட்டார்.

"அது ஆச்சு, ஏழெட்டு வருசம்" என்றார் யாரோ.

"இதுக்கா வெளக்கு ஏத்திக்கினு கீறீங்க?"

நேரே வண்டிக்குப் போனார். சம்மட்டியோடு வந்தார். கெபிச் சுவரைத் தட்டிப் பார்க்கப் போகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஒரே போடு. மாதாவின் தலை என் காலடியில் வந்து விழுந்தது.

அவர் கணக்கில் அது மரியாதை. அங்கம் உடைந்த சிலை பின்னமான சிலை. பின்னமானதை வைத்துக் கும்பிடக் கூடாது, எடுத்து நீரில் விட வேண்டும். அவர் கோயில் கோயிலாகச் சிலை செய்துகொடுத்த மனுஷன். புதுசு தொடங்குமுன் பழசை முறையாக அனுப்பிவைப்பது சிற்பியின் கடமை என்று நினைத்துவிட்டார். ஏரி தூரம், சிலை கனம், ஆகையால் துண்டாக்கி எடுத்துப் போகலாம் என்பது அவருடைய யோசனை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

ஊர் சும்மா விடுமா? செருப்பால் அடித்தார்கள், குடையால் அடித்தார்கள், ஒரு அம்மாள் ஜெபப் புத்தகத்தாலேயே முதுகில் சாத்தினாள். பங்குச் சாமியார் சின்ன வயசுக்காரர். வெள்ளை அங்கியோடு குறுக்கே விழுந்து அவரும் நாலு வாங்கிக்கொண்டார். மேஸ்திரி தலையை மட்டும் ஒரு கையால் மூடிக்கொண்டு, "மிதிக்காதீங்க! மிதிக்காதீங்க!" என்று கத்தினார். தன்னைச் சொல்கிறார் என்று நினைத்தார்கள். குனிந்து பார்த்தால், அவர் தரையில் கிடந்த சிலைத் துண்டுகளைக் காட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் அடி நின்றது.

துண்டுகளைப் பொறுக்க முதலில் உட்கார்ந்தவள் அமலா அக்கா. கோயிலைக் கூட்டிப் பெருக்கி, பூ மாற்றி, மெழுகுவர்த்திக் கசடு சுரண்டுகிறவள். முந்தின வருஷம் அவளுடைய ஒரே மகனை, பைக் உரசிய தகராறில், நாலு பேர் சேர்ந்து இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றுபோட்டிருந்தார்கள். அவள் முந்தானையில் துண்டுகளைச் சேர்த்தாள். மேஸ்திரியும் உதட்டில் ரத்தத்தோடு எதிரில் உட்கார்ந்து பொறுக்கினார். இரண்டு பேரும் போய் ஏரியில் விட்டுவிட்டு வந்தார்கள்.

இந்த ஆளோடு நான் எப்படி வேலை செய்யப் போகிறேன் என்று அன்றைக்கே பயந்தேன். பயந்தது சரிதான்.

குறையோடு ஒரு பொருள் கண் முன்னால் இருந்தால் அவருக்குப் பொறுக்காது. டீக்கடையில் விளிம்பு பெயர்ந்த கிளாஸில் டீ வந்தால், டீயைக் குடிப்பார், கிளாஸை நடு ரோட்டில் வீசி உடைப்பார். மறுநாள் வீட்டிலிருந்து புது கிளாஸ் கொண்டுவந்து கடையில் வைப்பார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவருக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளரை ஆணியில் மாட்டிவைத்தார். என் வண்டியின் கண்ணாடியில் கீறல் இருந்தது. ஒரு மதியம் போய்ப் பார்த்தால் கண்ணாடியே இல்லை. கேட்டதற்கு, "கீறல் வழியா பின்னாடி பாத்துக்கினு போனா எவனாவது ஏத்திட்டுப் பூடுவான். புச்சு மாட்டு" என்றார். உளியைக் கீழே வைக்கவும் இல்லை, என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

கல் இறக்குகிற அன்று கிரேன் சங்கிலி வழுக்கி, படிக்கல்லின் மூலை பெயர்ந்தது. கைப்பிடி அளவு. கிரேன் டிரைவர் இறங்கி வந்து, "சிமெண்ட் வச்சிப் பூசிடலாம் நைனா" என்றான். மேஸ்திரி அவனை அறைந்தார். அவனும் ஆம்பளைதானே, திருப்பிக் கொடுத்தான். இருவரும் ஈர மண்ணில் கட்டிப் புரண்டார்கள். டிரைவர் அவர் தோளைக் கடித்தான், இவர் அவன் காதைப் பிடித்துத் தரையில் மோதினார். தண்ணீர்க் குடத்தை நான்தான் அவர்கள் மேல் கவிழ்த்தேன். எழுந்ததும் மேஸ்திரி அந்தப் படிக்கல்லை அங்கேயே நாலாகப் பிளந்தார். பிறகு டிரைவருக்கும் சேர்த்து நாஷ்டா வாங்கி வரச் சொன்னார்.

புதிதாகச் செதுக்கிய மாதாவின் முகத்தை அவர் உடைத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மூன்று மாச வேலை. மாதா ஒரு கல், மடியில் கிடக்கிற மகன் இன்னொரு கல். மாதா ஏறக்குறைய முடிந்திருந்தாள். அவ்வளவு அழகான முகத்தைக் கல்லில் நான் பார்த்ததில்லை. தினமும் மதியம் அதன் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். ஒரு நாள் தண்ணீர் ஊற்றிக் கழுவியபோது கன்னத்தில் மயிரிழை போல ஒரு கறுப்பு வரி தெரிந்தது. காய்ந்ததும் மறைந்துவிட்டது.

"யாருக்குத் தெரியப்போவுது மேஸ்திரி?" என்றேன்.

"எனக்குத் தெரியுதே."

"மழை பெய்ஞ்சாத்தானே தெரியும்?"

"மழையில வந்து கும்புடறவனுக்கு இன்னா பதில் சொல்றது?"

மூன்று அடி. மூன்றாவது அடியில் மூக்கு போயிற்று. நான் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு அழுதேன். அவர் கை கழுவிக்கொண்டு வந்து தன் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். அந்த மனுஷனை அன்றைக்கு நான் வெறுத்தேன். வேறு கல் வந்து, வேறு மாதா உருவாகி, அது முன்னதைவிட நன்றாகவே அமைந்தது. ஆனாலும் என் வெறுப்பு குறையவில்லை.

அவரை நான் சகித்துக்கொள்ளத் தொடங்கியது அவர் விரலைப் பற்றித் தெரிந்த பிறகுதான். இடது கைச் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது, வாலிபத்தில் கல் விழுந்து போனதாம். தான் செய்த சிலைகளின் கும்பாபிஷேகத்துக்கு அவர் கோபுர வாசலைத் தாண்டி உள்ளே போனதே இல்லை என்று அவர் மனைவி சொன்னாள். தூக்குச் சட்டியில் குழம்பு கொண்டுவந்தவள், போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். நான் அவரிடமே கேட்டேன்.

"என் ஒடம்புல பின்னம் கீதேம்மா" என்றார். "நான் செஞ்ச சாமி முழுசா நிக்கும்போது எதிர்ல நான் இப்டிப் போயி நிக்கறதா?"

"யாராவது போகக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

"யாரு சொல்லணும்?"

ஊரையெல்லாம் உடைக்கிற அந்தச் சட்டத்தைத் தன் மேலும் அவர் போட்டுக்கொண்டிருந்தார். அது தெரிந்ததும் எனக்கு அவர் மேல் பரிதாபம் வந்தது. பரிதாபம் வந்ததால் கோபம் போய்விட்டதென்று அர்த்தமில்லை.

சண்டை, மாதாவின் மடியில் கிடக்கிற மகனின் சிலையில் வந்தது.

இறந்த மகனை மடியில் போட்டிருக்கிற வியாகுல மாதாதான் வேண்டும் என்று பங்குக் கூட்டத்தில் கேட்டவள் அமலா அக்கா. அதுவரை கூட்டத்தில் அவள் வாய் திறந்ததில்லை. கேட்டதும் ஒருவரும் மறுக்கவில்லை. மகனின் உடம்பு முடிந்து, பாலிஷும் போட்டாயிற்று. விலா எலும்புகள், தொங்குகிற கை, மாதாவின் முழங்கைக்கு வெளியே சாய்ந்து கிடக்கிற தலை. எல்லாம் இருந்தன. காயம் மட்டும் இல்லை.

சாமியார் மெதுவாகச் சொன்னார். "மேஸ்திரி, சிலுவையில பட்ட ஐந்து காயம் வேணும். ரெண்டு கை, ரெண்டு கால், விலா."

"போட மாட்டேன் சாமி."

"மாதிரிக்குக் குடுத்த படத்துல பாத்தீங்களே, இருந்துதே."

"படம் வேற. சாமி ஒடம்புல நான் ஓட்டை போட மாட்டேன். முழுசா கீற ஒடம்ப நானே பின்னம் பண்றதா? சதையில பட்ட காயம் ஆறிப்பூடும். கல்லுல வெட்டுனா எப்பவும் ஆறாது. அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?"

அமலா அக்கா கையில் துடைப்பத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். "காயம் வேணும் மேஸ்திரி" என்றாள். "என் புள்ளய ஆஸ்பத்திரியில அறுத்து, கழுத்துலேர்ந்து காலு வரைக்கும் துணி சுத்திக் குடுத்தானுங்க. பிரிச்சிக் காட்ட மாட்டேன்னுட்டானுங்க. எங்க பட்டுது, எம்மா பட்டுதுன்னு நான் பாக்கல. இங்கனா தொட்டுப் பாக்கறேனே. காயமே இல்லாம கெடந்தா, தூங்கற புள்ள மாதிரி கீது. செத்த புள்ள மாதிரி இல்ல."

மேஸ்திரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நாலாம் நாள் வந்து கெபியின் தூணைச் செதுக்க உட்கார்ந்தார். மகன் பக்கமே திரும்பவில்லை.

சாமியார் தவித்துப்போய் என்னிடம் வந்தார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ரொம்பப் பெருமையான யோசனை. கெபி வடக்குப் பார்த்தது, ஜன்னல் மேற்கில். நாலு மணி வெயில் கண்ணாடி வழியாக நேரே மகனின் உடம்பில் விழுகிறது. நீலமும் வெள்ளையுமாக இருந்த என் ஜன்னலில், கணக்குப் பார்த்து ஐந்து இடத்தில் ரத்தச் சிவப்புத் துண்டு வைத்தால் காயம் தானாக விழும். கல்லைத் தொடவே வேண்டாம். பத்து நாள் வெயிலைக் குறித்துக் குறித்து, ஈயத்தைப் பிரித்துப் பிரித்து மாட்டினேன். விரலெல்லாம் வெட்டு. மேஸ்திரி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சோதித்துப் பார்த்தோம். நாலு மணிக்கு வெயில் இறங்கியது. ஐந்து சிவப்பும் சரியாக வந்து உட்கார்ந்தன. சாமியார் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். சாதித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அமலா அக்கா கையை நீட்டினாள். விலாவில் இருந்த சிவப்பின் மேல் வைத்தாள். சிவப்பு அவள் புறங்கைக்கு வந்துவிட்டது. கீழே வழவழப்பான கல். கையை எடுத்தாள், காயம் திரும்பி வந்தது. வைத்தாள், போய்விட்டது. நாலைந்து தரம் வைத்து எடுத்தாள். பிறகு இரண்டு முஷ்டியாலும் அந்தக் கல் நெஞ்சில் குத்த ஆரம்பித்தாள். "ஒண்ணுமே இல்லியே! மொழுமொழுன்னு கீதே! ஒண்ணுமே இல்லியே!" நெற்றியைக் கொண்டுபோய் மோதினாள். மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. நானும் சாமியாரும் சேர்ந்து இழுத்தும் அவளை அசைக்க முடியவில்லை.

அப்போது மேஸ்திரி உள்ளே வந்தார். அக்காவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கையிலிருந்த சுத்தியை ஓங்கி ஜன்னலில் அடித்தார்.

"பொய்!" என்று கத்தினார். "பொய்க் காயம்! அவள ஏமாத்தற!"

இரண்டாவது அடி. மூன்றாவது அடி. நீலமும் சிவப்பும் என் தலைமேல் கொட்டின. நாற்பது நாள் வேலை. நான் என்ன செய்தேன் என்று யோசிக்க நேரமில்லை. பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்து முகத்தில் அறைந்தேன். என் மொத்தப் பலத்தோடும் அறைந்தேன். மறுபடி அறைந்தேன். அவர் தடுக்கவே இல்லை. கண்ணாடி கிழித்து அவர் முழங்கையிலிருந்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. "அடிச்சிக்கோ" என்றார். "அடிச்சி முடிச்சிட்டுத் தண்ணி எடுத்துக்கினு வா. கல்லுல ரத்தம் பட்டுகீது, கறை ஏறிப்பூடும்."

அந்த ஜன்னலை நான் திரும்பச் செய்தேன், சிவப்பே இல்லாமல். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அந்தக் கோபம் இருக்கிறது. திருவிழாவுக்கும் அவர் வரவில்லை, அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவும் இல்லை. எங்கேயாவது பார்த்தால் முதலில் சண்டைதான் போடுவேன். ஆனால் அடுத்த இரண்டு நாளும் நான் அங்கே இருந்தேன். அந்த இரண்டு நாளில் அவர் செய்ததை வேறு எந்தக் கையாலும் செய்திருக்க முடியாது.

முழங்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அன்றே உட்கார்ந்தார். மெஷின் வேண்டாம் என்றார். கூர் உளியை விலாவில் வைத்தார். முதல் அடியை அடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. சுத்தி மேலே போகும், பாதியில் நிற்கும், இறங்கிவிடும். எத்தனையோ முகங்களை யோசிக்காமல் உடைத்த கை அது. கடைசியில் ஒரு சத்தத்தோடு அடித்தார். கல்லின் சத்தமா அவர் தொண்டையின் சத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. பொறி பறந்தது. அதன் பிறகு நிறுத்தவில்லை. ஒவ்வொரு அடிக்கும் "மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ" என்று முனகிக்கொண்டே அடித்தார். அமலா அக்கா நெற்றி வீங்கிப்போய் எதிரில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போகச் சொன்னால் போகவில்லை. விலா முடிந்தது, மறுநாள் கைகள் முடிந்தன, அதற்கு மறுநாள் மதியத்துக்குள் கால்களும் முடிந்தன. ஐந்தும் பார்க்கச் சகிக்காதவை. அழகாக ஒன்றைக்கூட அவர் வெட்டவில்லை.

உளிகளைச் சாக்கில் சுருட்டி எழுந்தார்.

"மேஸ்திரி, இன்னோண்ணு கீது" என்றாள் அமலா அக்கா.

சாமியார், "அக்கா, ஐந்துதான். ஆறாவது கிடையாது" என்றார்.

அவள் அவரைக் கவனிக்கவில்லை. எழுந்து வந்து, மாதாவின் முழங்கைக்கு வெளியே சாய்ந்து கிடந்த தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனாள். "பொதைக்கறதுக்கு முன்னாடி என் புள்ள தலைய மட்டும் தூக்கி மடியில வச்சிக்கினேன். அங்க துணி சுத்தல. கோதிவுடலாம்னு மயிருக்குள்ள கைய வுட்டேன். வெரல் உள்ள பூட்ச்சி மேஸ்திரி."

சாமியார் எங்கள் முகத்தைப் பார்க்காமல் தேவாலயத்துக்குள் போய்விட்டார்.

மேஸ்திரி சாக்கைப் பிரித்தார். கெபியின் தரையில் மல்லாந்து படுத்து, தலைக்கு அடியில் நகர்ந்து, கீழிருந்து மேலாக உளியை வைத்தார். கல் தூள் அவர் கண்ணிலும் வாயிலும் கொட்டியது. வெகுநேரம் அடித்துவிட்டு நகர்ந்து வெளியே வந்தார்.

"பாரு" என்றார்.

அவள் மண்டியிட்டு விரலை விட்டாள். நகம் வரைக்கும் போயிற்று.

"இல்ல. இன்னும்."

அவர் மறுபடி படுத்தார். மறுபடி அடித்தார். அவள் விரலை விட்டாள். முதல் கணு வரைக்கும் போயிற்று.

"இன்னும்" என்றாள்.

அவர் அழுதுகொண்டே அடித்தார். நான் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். மூன்றாவது முறை அவள் கையைக் கொண்டுபோனபோது விரல் இரண்டாவது கணு வரை இறங்கி நின்றது. எடுக்காமல், கண்ணை மூடிக்கொண்டு, அப்படியே வைத்திருந்தாள்.

"போதும் மேஸ்திரி" என்றாள். "இம்மாந்தான்."